ஒரே வயிற்றுக்கு மூன்று திகதிகள்: ஸ்கான் கர்ப்பத்தின் வயதைக் கணிப்பது எப்படி?

ஒரு கர்ப்பவதியின் கிளினிக் அட்டையில் மூன்று பிரசவத் திகதிகள் இருக்கின்றன. பதிவு செய்த அன்று மருத்துவமாது எழுதியது ஒக்டோபர் 17. மார்ச்சில் எடுத்த முதல் ஸ்கானைப் பார்த்துவிட்டு வைத்தியர் திருத்தியது ஒக்டோபர் 27. செப்டெம்பரில் எடுத்த ஸ்கான் தாளின் அடியில் இயந்திரம் அச்சடித்துத் தந்தது நவம்பர் 10. முதல் திகதிக்கும் கடைசித் திகதிக்கும் இடையில் 24 நாள்.

இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு. ஆனால் குழப்பம் உண்மையானது. திருகோணமலை நகரிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ, எந்தக் கிளினிக் வாங்கில் போய் உட்கார்ந்தாலும் “மிஸ், இதில எந்தத் திகதி சரி?” என்ற கேள்வி காதில் விழும். வீட்டுக்குப் போனால் மாமியார் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா இன்னொன்று சொல்வார். பெரும்பாலும் எல்லோரும் நம்புவது கடைசியாக வந்த தாளை. புதிய ஸ்கான், புதிய இயந்திரம், ஆகவே அதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

மேலே சொன்ன கணக்கில் சரியான திகதி நடுவில் உள்ளது: ஒக்டோபர் 27. ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முழுகாத நாளிலிருந்து தொடங்கும் கணக்கு

ஒரு பெண் கர்ப்பமாக இருப்பதை ‘முழுகாமல் இருக்கிறா’ என்று சொல்வது நம் வழக்கம். மாதத் தீட்டு கழிந்து தலைமுழுகும் நாள் வந்தும் அவள் முழுகவில்லை, ஆகவே வயிற்றில் பிள்ளை. கர்ப்பத்தை மாதவிடாயை வைத்து எண்ணும் முறை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வைத்தியசாலையும் மாதவிடாயை வைத்துத்தான் எண்ணத் தொடங்குகிறது. ஆனால் தவறிய மாதவிடாயிலிருந்து அல்ல, அதற்கு முன் கடைசியாக ஒழுங்காக வந்த மாதவிடாயின் முதல் நாளிலிருந்து.

அட்டையில் ‘எல்.ஆர்.எம்.பி’ என்று குறித்திருப்பது அந்த முதல் நாள். அன்றிலிருந்து இன்றுவரை கழிந்த வாரங்களும் நாட்களும் ‘பி.ஓ.ஏ’. பிள்ளை பிறக்கும் என்று எதிர்பார்க்கும் திகதி ‘ஈ.டி.டி’. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் அட்டையின் பாதி புரிந்துவிடும்.

எல்.ஆர்.எம்.பி-யுடன் 280 நாளைக் கூட்டினால் ஈ.டி.டி. அது 40 வாரம். ‘பத்து மாதம் சுமந்து பெற்றேன்’ என்று தாய்மார் சொல்வதும் இதைத்தான்: 28 நாள் கொண்ட பத்துச் சுற்று. நாட்காட்டி மாதத்தில் எண்ணினால் ஒன்பது மாதமும் ஏறக்குறைய ஒரு வாரமும். பத்து மாதமா ஒன்பது மாதமா என்று வீட்டில் நடக்கும் வாதத்தில் இரு பக்கமும் சரி, எண்ணும் மாதம்தான் வேறு.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மகப்பேற்று வைத்தியர் ஃபிரான்ஸ் கார்ல் நெகெலேயின் பெயரால் அது வழங்குகிறது: முதல் நாளுடன் 7 நாள் கூட்டு, பிறகு மூன்று மாதம் பின்னால் போ, அடுத்து வரும் அந்தத் திகதிதான் ஈ.டி.டி. நம் உதாரணப் பெண்ணுக்கு எல்.ஆர்.எம்.பி ஜனவரி 10. ஏழைக் கூட்டினால் 17, மூன்று மாதம் பின்னால் போனால் ஒக்டோபர். ஆக ஒக்டோபர் 17. அட்டையின் முதல் திகதி இப்படி வந்தது.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது மூன்று விஷயங்களைச் சரியென்று எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறது.

1. நாள் சரியாக நினைவிருக்க வேண்டும். தீட்டு வந்த நாளைக் கேட்டால் முழுகின நாளைச் சொல்பவர்கள் உண்டு. அங்கேயே நாலைந்து நாள் போய்விடும். நாள் மறந்தவர்களிடம் நாட்காட்டியை நீட்டுவதைவிட, நடந்ததை வைத்துக் கேட்டால் நினைவு வரும்: பொங்கலுக்கு முன்னா, பின்னா? போயா லீவன்று கோயிலுக்குப் போனீர்களா? நோன்பு மாதமென்றால் எந்த நோன்புகள் விடுபட்டுக் கழாவாகின? பிறகு பிடித்துத் தீர்க்க வேண்டும் என்று எண்ணி வைத்திருப்பதால் அந்தக் கணக்கு மிகத் துல்லியமாக இருக்கும்.

2. சுற்று 28 நாளாக இருக்க வேண்டும், 14ஆம் நாளையொட்டி முட்டை வெளியாக வேண்டும். பலருக்கு அப்படி இல்லை. முட்டை வெளியானதிலிருந்து அடுத்த மாதவிடாய்வரை உள்ள காலம் பெரும்பாலும் இரண்டு வாரத்தையொட்டியே நிற்கும். நீளுவதும் சுருங்குவதும் அதற்கு முந்திய பகுதி. ஆகவே 38 நாள் சுற்றுள்ள பெண்ணுக்கு முட்டை 24ஆம் நாளையொட்டி வெளியாகும். அவளுடைய பிள்ளை, நெகெலே கணக்கு நினைப்பதைவிடப் பத்து நாள் இளையது.

3. வந்தது உண்மையான மாதவிடாயாக இருக்க வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் சிலருக்குக் கொஞ்சம் இரத்தம் படும். அதை மாதவிடாய் என்று எண்ணிவிட்டால் கணக்கு ஏறக்குறைய ஒரு மாதம் குறைந்துவிடும். பாலூட்டும் தாய் மாதவிடாய் திரும்பாமலே மறுபடி கர்ப்பமாகலாம். கருத்தடை ஊசியையோ மாத்திரையையோ அண்மையில் நிறுத்தியவருக்குச் சுற்று ஒழுங்குக்கு வரச் சில மாதம் எடுக்கலாம். இவர்களுக்கு எல்.ஆர்.எம்.பி வெறும் ஊகம்.

குடும்பங்களைக் கலக்கும் இரண்டு வாரம்

ஸ்கான் பற்றிப் பேசும்போது இந்த ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். இதைத் தெரியாததால் நேரும் வேதனை பெரிது.

கணவர் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்கிறார். மார்ச் 1 விடுமுறையில் வீட்டுக்கு வருகிறார். ஏப்ரல் 12 மனைவிக்கு ஸ்கான் எடுக்கிறார்கள். அவர் வந்து சரியாக ஆறு வாரம். தாளில் ‘8 வாரம்’ என்று இருக்கிறது. இரண்டு வாரம் எங்கேயிருந்து வந்தது?

எங்கேயிருந்தும் வரவில்லை. கர்ப்பத்தின் வயது கரு உண்டான நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணும் மரபே உலகெங்கும் இருப்பதால், ஸ்கான் இயந்திரமும் அதே மரபில் பதில் சொல்லும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கரு உண்டான நாளுக்கு இயந்திரத்தின் கணக்கில் வயது ஏற்கனவே இரண்டு வாரம். ஆகவே ஆறு வாரத்துக் கருவுக்கு ‘8 வாரம்’ என்று வருவது முழுக்க முழுக்கச் சரி. அதற்கு மேல், ஆரம்ப ஸ்கானிலும் ஐந்து முதல் ஏழு நாள்வரை முன்பின் இருக்கும். திருமணமாகி ஐந்து வாரத்தில் ‘ஏழு வாரக் கர்ப்பம்’ என்று தாள் வந்த புதுமணப் பெண்ணுக்கும் இதே விளக்கம்தான். வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கான் தாளை வெளிநாட்டிலிருந்து விரல்விட்டு எண்ணி ஒருவர் ஒரு பெண்ணைச் சந்தேகிப்பது அநியாயம். அந்தத் தாள் அதற்கான அத்தாட்சியே அல்ல. தாளைக் கையில் கொடுக்கும்போது வைத்தியரோ தாதியோ இந்த இரண்டு வாரத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டால் எத்தனையோ வீடுகளில் அமைதி இருக்கும்.

கடலின் ஆழமும் கருவின் நீளமும்

திருகோணமலைக்காரருக்கு ஸ்கான் வேலை செய்யும் விதத்தை விளக்குவது எளிது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பல நாள் படகுகளில் ஒரு சிறு திரை இருக்கும். படகின் அடியிலிருந்து ஒலி இறங்கும், கடலடியில் பட்டு எதிரொலித்துத் திரும்பும். போய்வர எடுத்த நேரத்தை வைத்து ஆழம் திரையில் விழும். கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் ஓடும். எதிரொலி ஐம்பதில் ஒரு பங்கு வினாடியில் திரும்பினால் ஆழம் 15 மீற்றர்.

ஸ்கானும் அதுவே. உடலின் மென்மையான தசையில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,540 மீற்றர் என்று இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் எதிரொலி திரும்பினால், அது 7.7 சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்து வந்திருக்கிறது. இப்படி ஆயிரமாயிரம் எதிரொலிகளைப் புள்ளிகளாக அடுக்கிப் படம் வரைகிறது. மனிதக் காது வினாடிக்கு 20,000 அதிர்வுவரைதான் கேட்கும். வயிற்றில் வைக்கும் கருவி 20 இலட்சம் முதல் 50 இலட்சம் அதிர்வுகளை அனுப்புகிறது. இது எக்ஸ்ரே அல்ல, கதிர்வீச்சு எதுவும் இதில் இல்லை. வயிற்றில் பூசும் குளிர்ந்த ஜெல், கருவிக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள காற்றை விலக்குவதற்காக, ஏனென்றால் காற்றில் பட்டால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். ஆரம்ப மாதங்களில் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பி வரச் சொல்வதும் இதைப் போன்றதே: நிரம்பிய பை குடலை ஒதுக்கி, ஒலிக்கு வழிவிடுகிறது.

இந்த ஒப்புமை நான் கட்டியது அல்ல, வரலாறே அப்படித்தான். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ கப்பல் கட்டும் நகரம். அங்கே மகப்பேற்றுப் பேராசிரியராக இருந்த ஐயன் டொனால்ட் இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றி ரேடார் நுட்பத்தையும், நீருக்குள் எதிரொலியால் அறியும் சோனார் நுட்பத்தையும் அறிந்தவர். உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒலியால் பார்க்கும் தொழிற்சாலைக் கருவியை 1955இல் மனிதத் திசுக்களில் வைத்துப் பார்த்தார். ஜோன் மக்விகர் என்ற வைத்தியரும் ரொம் பிரவுன் என்ற பொறியியலாளரும் உடன்சேர, 1958இல் மூவரின் ஆய்வு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. அதே நகரில் ஹியூ ரொபின்சன் 1973இல் கருவின் நீளத்தை அளந்து வயது சொல்லும் முறையை வெளியிட்டார். இன்றும் ஸ்கான் இயந்திரங்களுக்குள் இருக்கும் அட்டவணைகளில் ஒன்று அவருடையது.

இங்கே ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்துக்கு வயது தெரியாது, நீளம் மட்டுமே தெரியும். இவ்வளவு நீளமான பிள்ளைக்குச் சராசரியாக இத்தனை வாரம் என்று ஓர் அட்டவணை அதற்குள் இருக்கிறது. தாளில் அச்சாகும் வாரம், அந்த அட்டவணையின் பதில். மேலே சொன்ன மூன்று திகதிகளின் குழப்பமும் இந்த இடத்தில்தான் அவிழ்கிறது.

உச்சி முதல் பிட்டம் வரை

ஐந்தாவது வாரத்தையொட்டிக் கருப்பையில் ஒரு சிறு நீர்ப்பை தெரியும். ஆறாவது வாரத்தையொட்டி அதற்குள் கருவும் அதன் இதயத்துடிப்பும் தெரியத் தொடங்கும். பையின் அளவை வைத்து வயது சொல்வது நம்பகமானதல்ல. கரு தெரிந்தபிறகே அளவு எடுக்க வேண்டும்.

அளப்பவர் திரையில் கருவை நீளவாக்கில் கொண்டுவந்து படத்தை நிறுத்துகிறார். தலையுச்சியில் ஒரு குறி, பிட்டத்தின் முனையில் ஒரு குறி. இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளிக்கோடு. அந்தக் கோட்டின் நீளம்தான் ‘சி.ஆர்.எல்’. கால்கள் கணக்கில் இல்லை. கரு கூனிக் கிடந்தால் நீளம் குறைந்து காட்டும், தலை நிமிர்ந்து கிடந்தால் கூடிக் காட்டும். பக்கத்தில் இருக்கும் மஞ்சட்கருப் பையைச் சேர்த்து அளந்துவிட்டாலும் பிழை. ஆகவே நல்ல அளப்பாளர் கரு இயல்பாக நேராகக் கிடக்கும்வரை காத்திருந்து, ஒன்றுக்கு மூன்று தடவை அளப்பார். ‘ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார்கள், பிள்ளைக்கு ஏதும் பிரச்சினையா’ என்று கட்டிலில் படுத்திருப்பவர் பயப்படத் தேவையில்லை.

ஏறத்தாழ இந்த அளவுகள் வரும்:

7 வாரம்: 10 மில்லிமீற்றர்
8 வாரம்: 16 மில்லிமீற்றர்
9 வாரம்: 23 மில்லிமீற்றர்
10 வாரம்: 31 மில்லிமீற்றர்
12 வாரம்: 54 மில்லிமீற்றர்

நீளம் 84 மில்லிமீற்றரைத் தாண்டினால், அதாவது 14 வாரத்தையொட்டி, கரு மடங்கி நிமிரத் தொடங்குவதால் இந்த அளவு உதவாது. அதன்பிறகு தலையின் குறுக்களவு, தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம் ஆகிய நான்கையும் எடுக்கிறார்கள். தாளில் பி.பி.டி, எச்.சி, ஏ.சி, எஃப்.எல் என்று வரிசையாக இருப்பவை இவை.

இப்போது நம் உதாரணப் பெண். மார்ச் 21 முதல் ஸ்கான். எல்.ஆர்.எம்.பி கணக்குப்படி அன்று 70 நாள், சரியாக 10 வாரம். அப்படியானால் கரு 31 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அளந்தால் 20 மில்லிமீற்றர். அட்டவணையில் அது 8 வாரமும் 4 நாளும், அதாவது 60 நாள். வேறுபாடு 10 நாள். சுற்று எத்தனை நாள் என்று வைத்தியர் கேட்கிறார். 38 நாள் என்கிறார் அந்தப் பெண். இரண்டும் பொருந்துகின்றன. பத்து நாளைத் தள்ளி, ஒக்டோபர் 27 என்று எழுதி, அடியில் கோடு போடுகிறார்.

நாள் போகப் போகப் பிழை ஏன் பெருகுகிறது?

இரண்டு காரணங்கள்.

1. பிள்ளைகள் ஒருவரையொருவர் விட்டு விலகி வளரத் தொடங்குகிறார்கள். எட்டு, ஒன்பது வாரத்தில் தாய் நெட்டையோ குட்டையோ, தகப்பன் யாரோ, கருவின் நீளத்தில் வேறுபாடு மிகச் சிறிது. பிறகு பரம்பரை, தாயின் உணவு, இரத்த அழுத்தம், சீனி வருத்தம், தொப்புள்கொடி ஊட்டம் எல்லாம் வளர்ச்சியில் கைவைக்கின்றன. 32 வாரத்தில் ஆரோக்கியமான இரண்டு பிள்ளைகளின் நிறையில் அரைக் கிலோ வேறுபாடு இருக்கலாம். அப்போது அளவு, வயதைச் சொல்லும் சாட்சியாக நிற்பதில்லை.

2. அளவுகோலே சுருங்கிவிடுகிறது. ஆரம்பத்தில் கரு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் வளர்கிறது. குறியை 2 மில்லிமீற்றர் தள்ளி வைத்துவிட்டாலும் பிழை இரண்டு நாள்தான். 32 வாரத்தில் தொடையெலும்பு ஏறக்குறைய 62 மில்லிமீற்றர், அது வாரத்துக்கு 2 மில்லிமீற்றர்தான் வளர்கிறது. அதே 2 மில்லிமீற்றர் கைப்பிழை இப்போது ஒரு முழு வாரம்.

ஆகவேதான் முதல் ஸ்கானில் ஐந்து முதல் ஏழு நாளாக இருந்த தடுமாற்றம், கடைசி மூன்று மாதத்தில் மூன்று வாரமாகப் பெருகுகிறது. இயந்திரம் எவ்வளவு விலையானதாக இருந்தாலும் இது மாறாது.

திகதியை எப்போது மாற்றலாம்?

மாதவிடாய்க் கணக்கும் ஸ்கான் கணக்கும் ஓரிரு நாள் விலகினால் எதையும் தொட வேண்டியதில்லை. எவ்வளவு விலகினால் ஸ்கானை எடுத்துக்கொள்வது என்பதற்கு எல்லைகள் வகுத்திருக்கிறார்கள். அமெரிக்க மகப்பேற்று, பெண்நோயியல் வைத்தியர் கல்லூரி 2017இல் வெளியிட்ட எல்லைகள் இவை. வாரம் என்பது எல்.ஆர்.எம்.பி-இன்படி எண்ணிய வாரம்:

1. 9 வாரத்துக்கு முன்: 5 நாளுக்கு மேல் விலகினால்
2. 9 முதல் 16 வாரத்துக்கு முன்வரை: 7 நாளுக்கு மேல்
3. 16 முதல் 22 வாரத்துக்கு முன்வரை: 10 நாளுக்கு மேல்
4. 22 முதல் 28 வாரத்துக்கு முன்வரை: 14 நாளுக்கு மேல்
5. 28 வாரத்துக்குப் பின்: 21 நாளுக்கு மேல், அதுவும் மிகுந்த எச்சரிக்கையுடன்

எல்லைகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். பிரித்தானியாவில் முதல் மூன்று மாத ஸ்கானின் திகதியையே பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். மாறாத விதி ஒன்று: முதல் நல்ல ஸ்கானால் ஒருமுறை திகதி நிலைநிறுத்தப்பட்டால், பின்னால் வரும் எந்த ஸ்கானும் அதை மாற்றக் கூடாது. மேலேயுள்ள 3, 4, 5ஆம் எல்லைகள் அதற்கு முன் ஸ்கானே எடுக்காதவர்களுக்கு மட்டும்.

இரட்டைப் பிள்ளையென்றால் பெரிய கருவின் அளவையே வயதுக்கு எடுப்பார்கள். சோதனைக்குழாய் முறையில் உண்டான கர்ப்பத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை, கருவை வைத்த நாளே தெரியும்.

அப்படியானால் நவம்பர் 10 சொல்வது என்ன?

செப்டெம்பர் 1. நிலைநிறுத்திய திகதியின்படி அந்தப் பெண்ணுக்கு 32 வாரம். இயந்திரம் நான்கு அளவுகளையும் கூட்டிச் சராசரி எடுத்து ‘30 வாரம்’ என்கிறது. 30 வாரமென்றால் இன்னும் 70 நாள் இருக்கிறது, ஆகவே நவம்பர் 10 என்று தானாகவே அச்சடிக்கிறது. இயந்திரத்துக்கு மார்ச் மாத ஸ்கான் நினைவில் இல்லை. இன்றைக்கு அளந்ததை வைத்து, இன்றைக்குள்ள சராசரியைச் சொல்கிறது, அவ்வளவே.

ஆகவே அந்தத் தாளைத் திகதியாக வாசிக்கக் கூடாது, வளர்ச்சியாக வாசிக்க வேண்டும். 32 வாரப் பிள்ளை சராசரி 30 வாரப் பிள்ளையின் பருமனில் இருக்கிறது. சிறிய உடல்வாகுள்ள பிள்ளையாக இருக்கலாம். நச்சுக்கொடி போதிய ஊட்டம் கொடுக்காததாகவும் இருக்கலாம். எது என்று அறிய, வயிற்றின் சுற்றளவு மட்டும் பின்தங்கியதா, பன்னீர்க்குடத்து நீர் போதுமா, தொப்புள்கொடியில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்து வளர்ச்சியின் வேகத்தைப் பார்ப்பார்கள்.

திகதியை நவம்பர் 10க்கு மாற்றிவிட்டால் இது எதுவும் நடக்காது. தாளில் பிள்ளை வயதுக்கேற்ற வளர்த்தியாகிவிடும், வயிற்றுக்குள் ஒன்றுமே மாறியிருக்காது. கர்ப்பத்தின் வயதைக் கணிப்பதில் என்னை மிகவும் கவலைப்படுத்தும் பிழை இதுதான், ஏனென்றால் திகதி சரிசெய்யப்பட்டதுபோல் எல்லோருக்கும் தோன்றும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சீனி வருத்தமுள்ள தாயின் பிள்ளை பருத்திருக்கும், 32 வாரத்தில் ‘34 வாரம்’ என்று தாள் வரும். பிள்ளை முந்திப் பிறக்கும் என்று வீட்டார் பை கட்டத் தொடங்குவார்கள். உண்மையில் அது தாயின் சீனியைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி.

ஸ்கான் நிலையத்தில் ‘கடைசி மாதவிடாய் எப்போது’ என்று கேட்டுப் பதிவது சம்பிரதாயத்துக்கு அல்ல. அந்த எண்ணை இயந்திரத்தில் போட்டுத்தான் வளர்ச்சி வரைபடமே வரைகிறார்கள். திகதி ஏற்கனவே திருத்தப்பட்டிருந்தால் “ஈ.டி.டி ஒக்டோபர் 27 என்று மாத்தியிருக்கு” என்று சொல்லி அட்டையைக் காட்ட வேண்டும். பழைய ஜனவரி 10ஐச் சொல்லிவிட்டால் வரைபடம் முழுவதும் பத்து நாள் பிசகி, இல்லாத வளர்ச்சிக் குறைவைக் காட்டும்.

பிழைத்த திகதியின் விலை

ஈ.டி.டி அன்றே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அப்படியிருக்க, சில நாள் பிசகினால் என்ன? தாய்க்கு அது எதிர்பார்க்கும் நாள் மட்டுமே. வைத்தியசாலையில் எல்லா முடிவும் அதைத் தொட்டுத்தான் எடுக்கப்படுகிறது.

1. நாள் தாண்டுதல். 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதம், 42 வாரம் நிறைந்துவிட்டால் நாள்கடந்த கர்ப்பம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 41 வாரத்துக்குப் பின் நச்சுக்கொடியின் வேலை தளரலாம் என்பதால் பிரசவத்தைத் தூண்டும் பேச்சு வரும். நம் உதாரணத்தில் நவம்பர் 10ஐ நம்பிக் காத்திருந்தால், அன்றைக்கு உண்மையில் 42 வாரம் நிறைந்துவிடும். பழைய ஒக்டோபர் 17ஐ நம்பினால், ஒக்டோபர் 24 அன்று ‘41 வாரமாகிவிட்டது’ என்று மருந்து கொடுத்து வலி வரவைப்பார்கள், உண்மையில் 39 வாரமும் 4 நாளும்தான். ஒரு பக்கம் ஆபத்தான காத்திருப்பு, மறுபக்கம் தேவையற்ற அவசரம்.

2. குறைமாத வலி. வலி முந்தி வந்தால் பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஊசி போடுவார்கள். 24 முதல் 34 வாரம்வரை அதற்குரிய காலம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், வயது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைக்கிறது. மூதூரிலோ வெருகலிலோ நள்ளிரவில் வலி வந்த தாயைக் குறைமாதப் பிள்ளையைப் பார்க்கும் வசதியுள்ள வைத்தியசாலைக்கு அம்புலன்ஸில் ஏற்றுவதா இல்லையா என்பது, அட்டையில் 33 என்று இருக்கிறதா 36 என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

3. சத்திரசிகிச்சை. முன்கூட்டித் திட்டமிட்ட சிசேரியனைப் பொதுவாக 39 வாரத்தையொட்டி வைப்பது, பிள்ளை மூச்சுத் திணறலின்றிப் பிறப்பதற்காக. திகதி பத்து நாள் பிசகினால் அது 37 வாரச் சத்திரசிகிச்சையாகிவிடும்.

4. சில பரிசோதனைகளுக்குக் கதவு கொஞ்ச நாளே திறந்திருக்கும். கழுத்துப் பின்புற நீரளவு பார்க்கும் ஸ்கான் 11 முதல் 14 வாரத்துக்குள். உறுப்புக்களில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது 18 முதல் 22 வாரத்துக்குள்.

இவற்றோடு இங்கே இன்னொன்றும் உண்டு. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் கடைசியில் இறங்கி நவம்பர், டிசெம்பரில் கொட்டும். மகாவலி பெருகினால் வெருகல், மூதூர்ப் பக்கத்துத் தாழ்ந்த ஊர்களுக்குப் போகும் பாதை நீரில் மூழ்கும். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாத் தாய்மார் நகரத்துக்குப் பாதைப்படகில் கடந்தார்கள். பாலங்கள் வந்த பிறகும் வெள்ளத்துக்கு முன்னே நகரிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவதா, இன்னும் இரண்டு வாரம் பொறுப்பதா என்று முடிவெடுக்கும் குடும்பத்துக்கு ஒக்டோபர் 27க்கும் நவம்பர் 10க்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

முதல் ஸ்கானைத் தவறவிட்டவர்கள்

மாதவிடாய் தவறியதும், எட்டு வாரத்துக்குள் மருத்துவமாதிடம் பதிந்துவிட வேண்டும் என்று சுகாதாரப் பகுதி வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். முந்திப் பதிந்தால் முந்தி ஸ்கான் கிடைக்கும். திகதிக்கு மிக நல்ல காலம் 8 முதல் 13 வாரம். 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கானாவது எடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது.

ஆனால் ஐந்து மாதம் கழிந்து வருபவர்கள் இருக்கிறார்கள். வெட்கத்தால், பணக்கஷ்டத்தால், பாலூட்டும்போது கர்ப்பமானது தெரியாததால். அவர்களை ஏசுவதால் பயனில்லை, கணக்கை மீட்கும் வழிகள் இருக்கின்றன. எல்.ஆர்.எம்.பி ஓரளவு தெரிந்தால் அதையும் ஸ்கானையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சிறுமூளையின் குறுக்களவு, ஊட்டக் குறைவால் அவ்வளவாகப் பாதிக்கப்படாத ஓர் அளவு. அதையும் எடுப்பார்கள். 22 வாரத்துக்கு முன் ஸ்கான் எதுவும் இல்லையென்றால் திகதி உறுதியற்றது என்று அட்டையிலேயே குறித்துவிட்டு, மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். வளர்ச்சி சீராக இருந்தால் கணித்த வயது ஏறக்குறைய சரி. பின்தங்கினால் பிள்ளைக்கு ஊட்டம் போதவில்லை என்று பிடிபடும். வயிற்றை நாடாவால் அளப்பதும் துணைக்கு வரும். 24 வாரத்துக்குப் பின் சென்ரிமீற்றர் எண்ணும் வார எண்ணும் பெரும்பாலும் இரண்டுக்குள் ஒத்துப்போகும்.

முந்தியே எடுத்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. முதல் ஸ்கானைத் தனியார் நிலையத்தில் எடுத்துவிட்டு, அந்தப் படத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, பிரசவத்துக்கு வேறு வைத்தியசாலைக்குப் போகிறார்கள். அங்கே வார்ட்டில் இருப்பவருக்குக் கையில் கிடைப்பது கடைசி ஸ்கான் தாள் மட்டும். படத்தைக் கொண்டுபோனாலும் அது வெப்பத்தால் அச்சாகும் தாள். நம் ஊர் வெயிலில், பிளாஸ்ரிக் உறைக்குள் ஆறேழு மாதம் கிடந்தால் எழுத்து மங்கிவிடும். ஸ்கான் எடுத்த அன்றே மூன்று எண்களைப் பேனாவால் அட்டையில் எழுதிவிடும்படி கேட்க வேண்டும்: ஸ்கான் எடுத்த திகதி, சி.ஆர்.எல் எத்தனை மில்லிமீற்றர், அன்றைக்கு எத்தனை வாரம் எத்தனை நாள். அந்த மூன்றும் இருந்தால் எந்த வைத்தியசாலையிலும், எந்த நள்ளிரவிலும், அன்றைய சரியான வாரத்தை ஒரு நிமிடத்தில் எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.